பரங்கிக்காய் மிதக்குமா, டீச்சர்?

“கனமானது முங்கும், லேசானது மிதக்கும்.” நான்காம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். நான் அதை மறுத்துப் பேசுவதில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து பெரிய அண்டா ஒன்றையும் அன்றைய சாம்பாருக்கு வந்த பரங்கிக்காயையும் வாங்கி வந்து, வகுப்பின் நடுவே வைத்துவிடுவேன்.

ஆணி, புளியங்கொட்டை, ரப்பர், பாட்டில் மூடி, வேப்பங்குச்சி என்று பிள்ளைகள் கொண்டுவந்த பொருட்கள் ஒருபுறம் இருக்கும். எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன், அது முங்குமா மிதக்குமா என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் கறார். எழுதாமல் பார்த்த பிள்ளை, “எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எழுதிய பிள்ளையின் முன்னால் அதன் கையெழுத்தே நிற்கும். ஏன் அப்படி நினைத்தோம் என்று அது யோசித்தாக வேண்டும்.

பரங்கிக்காய் கடைசியில்தான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி அண்டாவில் இறக்குவார்கள். விரலிடுக்கில் பிடித்த ஆணி அடியில் கிடக்க, பரங்கிக்காய் மேலே மிதக்கும். வகுப்பில் எழும் கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். “உள்ளே காலியா இருக்கு டீச்சர், அதான்” என்பான் ஒருவன். “அப்போ வேப்பங்குச்சி உள்ளே காலியா இருக்கா?” என்று கேட்பாள் இன்னொருத்தி. இந்தச் சண்டையை நான் தீர்த்துவைப்பதில்லை. அடுத்து ஏரிக் களிமண்ணை ஆளுக்கு ஓர் உருண்டையாகக் கொடுப்பேன். உருண்டை முங்கும். அதே மண்ணைத் தட்டிக் கிண்ணம்போல் வளைத்தால் மிதக்கும். மண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “எவ்வளவு கனம்னு மட்டும் பாக்கக் கூடாது, எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னும் பாக்கணும்” என்ற இடத்துக்கு யாராவது வந்து சேர்வார்கள். அடர்த்தி என்ற சொல் மேல்வகுப்பில் வரட்டும். அதன் பொருள் இப்போதே கைக்கு வந்துவிட்டது.

ஆசிரியர் மேசைமேல் செய்துகாட்ட, பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பதைச் செய்முறைப் பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கண்காட்சிக்காகப் பெற்றோர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் தெர்மாகோல் எரிமலையும் அப்படித்தான். அதில் பிள்ளை கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை.

பிள்ளைகளே செய்து பார்த்துக் கற்பதை நம் நாட்டிலேயே பெரிய அளவில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு அமைப்புகள் அதைத் தொடங்கின. டெல்லி பல்கலைக்கழக அறிவியலாளர்கள் துணைநின்றார்கள். அங்கே புத்தகம் விடையைச் சொல்லாது, என்ன செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லும். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லாத இடத்தில் கருவேல முள் போதுமானதாக இருந்தது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுத, பதில் வந்தது. 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய இந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு அது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

அங்கே வேலை செய்யப் போன பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபைத் துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளைச் செருகி மூட்டுகள் செய்தார். இன்றும் என் வகுப்பில் அது உண்டு. மருந்தைச் சுரண்டிய மூன்று குச்சியில் செய்த முக்கோணம் அசையாது. நான்கு குச்சிச் சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் செல்போன் கோபுரத்தில் முக்கோணங்களை எண்ணிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செய்து பார்த்தால் புத்தகமே தவறுவதும் தெரியும். தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் உள்ளே தண்ணீர் ஏறும். ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று எத்தனையோ புத்தகங்கள் எழுதியிருக்கின்றன. ஐந்தாம் வகுப்பில் வத்தியை நானே ஏற்றிக் கொடுத்து, உற்றுப் பார்க்கச் சொல்வேன். சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது. அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும். மூன்று வத்தி வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். டம்ளர் அதேதான், அதிலுள்ள ஆக்சிஜனும் அதே அளவுதான். சூட்டில் விரிந்த காற்று ஆறிச் சுருங்குவதுதான் முக்கியக் காரணம்.

பள்ளிகளுக்கு அறிவியல் சாமான் வாங்கித் தருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பீரோவில் பூட்டி வைக்கிற விலையுயர்ந்த கருவி வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு செட் என்று லென்ஸும் காந்தமும் டம்ளரும் வாங்கிக் கொடுங்கள். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கேள்வி கேட்காமல் கழித்துக்கொள்ள ஆசிரியருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். உடைந்த லென்ஸுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில்தான் பல பள்ளிகளில் அந்தப் பீரோ திறக்கப்படுவதே இல்லை.