பள்ளிக்கூட முக்கில் ஒரு நொடி



மார்கழிப் பனி மலையை மூடியிருக்கும் காலைப்பொழுதில், வெள்ளக்கடைப் பக்கமாகச் சேர்வராயன் மலைச்சாலையில் நடந்து பழகியவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதன்று. சில அடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது. காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலிருந்து புத்தகப் பையும் தண்ணீர்ப் புட்டியுமாகப் பிள்ளைகள் இறங்கி வருவர். கிளைச்சாலை பெரிய சாலையைத் தொடும் முக்கில் நின்று, கண்ணுக்குத் தெரியாத வண்டியைக் காதால் தேடுவர். பிறகு கையைக் கோத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கடப்பர். அந்த ஒரு நொடியில் ஒரு குடும்பத்தின் வாழ்வே தொங்கிக்கொண்டிருக்கிறது.

குருவாகப் பணியாற்றும் எவரையும் மிகக் கடினமான கடமை எதுவென்று கேட்டால், சிறிய சவப்பெட்டியின் முன் நின்று பேசுவதே என்பார். "ஆண்டவர் சித்தம்" என்று அவ்வேளையில் அருகிலிருப்போர் ஆறுதல் கூறுவர். நாமோ அவ்வாறு கூறத் தயங்குகிறோம். புதர் மறைத்ததாலும் வண்டி விரைந்ததாலும் நேர்ந்த சாவை இறைவன்மீது சுமத்துவது நேர்மையாகுமா? மனிதர் செய்யத் தவறியதை மனிதரே திருத்தல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 17,884 பேர் நம் தமிழகத்தில் இறந்தவர்கள். நம் மலையும் இத்துயரத்துக்கு விலக்கன்று. 2024 ஏப்ரல் 30-ஆம் நாள், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து, சிறுவன் ஒருவன் உட்படப் பலரின் உயிரைப் பறித்ததை நாம் மறக்க இயலாது.

செம்மங்குப்பம் தந்த பாடம்

2025 ஜூலை 8-ஆம் நாள் காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் ஒன்று இருப்புப்பாதைக் கடவைக் கடந்தது. கதவு மூடப்படவில்லை. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை சென்ற பயணிகள் ரயில் வேன்மீது மோதியது. மூன்று மாணவச் செல்வங்கள் உயிரிழந்தனர். கதவு மூடிப் பூட்டப்பட்டாலன்றி ரயிலுக்குச் சைகை கிடைக்காத இணைப்பு முறை அக்கடவில் இல்லை. எல்லாம் ஒரே மனிதரின் விழிப்பை நம்பியிருந்தது. அதன்பின்னரே கடவுகளில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும், மேலும் பல கடவுகளில் இணைப்பு முறையை அமைக்கவும் ரயில்வே அமைச்சகம் ஆணையிட்டது.

மனிதர் தவறக்கூடியவர். ஆதலால் ஒருவர் தவறினாலும் உயிர் தப்பும்படி ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்பதே செம்மங்குப்பம் தந்த பாடம். பள்ளிக்கூட முக்குக்கும் இது பொருந்தும். "பார்த்துப் போ" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் முதிர்ந்திருப்பதில்லை. அதன் உயரமோ, நிறுத்தி வைத்த ஒரு ஜீப்பின் முகப்பைக்கூடத் தாண்டாது. பிள்ளை தவறும் என்று கொண்டே பெரியவர்கள் சாலையை ஒழுங்குசெய்தல் வேண்டும்.

எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும்?

நம் நாட்டுச் சாலைப் பொறியியலார் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்க 30 மீட்டர் தொலைவு தெரிய வேண்டும். 40 கிலோமீட்டர் வேகமானால் 45 மீட்டர். 50 ஆனால் 60 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து தடையை மிதிப்பதற்குள்ளேயே இத்தொலைவில் பாதி கடந்துவிடும். இறக்கத்திலும் ஈரத்திலும் இன்னும் கூடுதலாகும். ஆயின், நம் மலை முக்குகளில் உண்ணிச்செடியும், வேலியோரக் காப்பிச் செடியும், அறிவிப்புப் பலகையும், நிறுத்திய வண்டிகளும் சேர்ந்து பத்து மீட்டரையும் மறைத்துவிடுகின்றன.

எனவே முதல் மருந்து அரிவாளே. முக்கின் இருபுறமும் மார்பளவுக்கு மேல் வளர்ந்த புதரை மாதம் ஒருமுறை வெட்டினால் போதும். குவிகண்ணாடி வைப்பதும் நன்றே. ஆயினும் பனியில் அது மங்கிவிடும், வண்டியை உள்ளதிலும் தொலைவாகக் காட்டும். அதனை மட்டும் நம்புதல் கூடாது.

அடுத்தது வேகம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதினால் பத்தில் ஒன்பது பாதசாரிகள் பிழைப்பர் என்றும், 45-ஐ எட்டினால் பாதிப்பேர்கூடப் பிழைப்பது அரிது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள், மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரையே உச்ச வேகமாக்க வேண்டுமென்று அறிவித்தன.

வேகத்தடை என்ற பெயரில் பலவூர்களில் முதுகை ஒடிக்கும் மேடுகளைக் கொட்டி வைக்கின்றனர். முறைப்படி அமைந்த தடை 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 சென்டிமீட்டர் மட்டுமே உயரமும் கொண்டு வில்போல் வளைந்திருக்கும். அதன்மீது வண்ணக் கோடும், 40 மீட்டருக்கு முன்னரே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். பனியில் தெரியாத தடை, இருசக்கர வண்டியில் வருபவருக்குப் படுகுழியாகிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, பேருந்திலிருந்து இறங்கிய பிள்ளை அதன் முன்னாலோ பின்னாலோ உடனே ஓடுதல் ஆகாது. பேருந்து சென்று, சாலை இருபுறமும் தெரிந்த பின்னரே கடக்க வேண்டும். இதனை வாயால் சொன்னால் போதாது. ஒரு வாரம் உடன் சென்று பழக்குங்கள். பிள்ளையை வண்டியில் கொண்டுவிடுவோர் வாயிலை அடைத்து நிற்காமல், சற்றுத் தள்ளி நிறுத்தி நடத்திச் செல்லட்டும். தம் பிள்ளையைக் காக்க விரைந்து வரும் தந்தையே பிறர் பிள்ளைக்கு ஆபத்தாவதை நாம் காண்கிறோம்.

நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம். உரிமம் பெறாத மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பது பாசமன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியையும் வீட்டு இளைஞருக்கு நினைவூட்டுங்கள்.

இவற்றுக்கு மேல், ஊர் ஒன்றுகூடிச் செய்ய வேண்டியதும் உண்டு. முக்கிலுள்ள சாலை ஊராட்சியைச் சார்ந்ததா, ஒன்றியத்தைச் சார்ந்ததா, நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்ததா என்று முதலில் கேட்டறியுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு தூசியில்தான் உறங்கும். பின்னர் கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, கடக்கும் கோடுகள், பேருந்து நிறுத்தத்தை முக்கிலிருந்து தள்ளி அமைத்தல் என்று கேட்பதைத் தெளிவாக எழுதுங்கள். 2012-ஆம் ஆண்டு சென்னையில் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபின்னரே தமிழகத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. ஒவ்வொரு விதியும் ஒரு பிள்ளையின் உயிரை விலையாகப் பெற்ற பின்தான் பிறக்க வேண்டுமா?

விபத்து நேர்ந்துவிட்டால் அஞ்சி ஒதுங்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். உதவுபவரைக் காவல்துறை துன்புறுத்தலாகாது என்பது இன்று சட்டம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேரத்துக்கு அவசரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும்.

மனு எழுதினோம், அதிகாரிகள் வரட்டும் என்று கை கட்டியிருத்தல் வேண்டா. அரிவாள் எடுக்க ஆணை எதுவும் தேவையில்லை. பள்ளி தொடங்கும் அரைமணியும் விடும் அரைமணியும் முக்கில் இரு பெரியவர்கள் முறைவைத்து நிற்கவும் செலவில்லை. முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவர் முறை மாதத்தில் ஓரிரு நாளே வரும். வரும் சனிக்கிழமை நாமும் அரிவாளுடன் வருகிறோம். பனியில் காதைத் தீட்டி நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக் கடத்திவிட ஒரு பெரிய கை அங்கே இருக்கட்டும்.