ஒரே உடலில் இரண்டு புற்றுநோய்: இரத்தப் புற்றுநோயாளிக்குத் தோன்றும் புதிய கட்டியை ஏன் தனியாகச் சோதிக்க வேண்டும்?

கோலார் தங்கவயல்: பங்காரப்பேட்டை - மாரிக்குப்பம் ரயில் பாதையில் உள்ள கோரமண்டல் உள்ளிட்ட தங்கவயல் குடியிருப்புகளில், சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்று முப்பதுகளின் நடுவில் இருந்தவர்களே இன்று அறுபதைத் தொட்டுவிட்டனர். புற்றுநோய்கள் பலவும் தலைகாட்டும் வயது இது. அவற்றுள் ஒன்று, நாள்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோய். சுருக்கமாக சி.எல்.எல். என்பர்.

இந்நோய் வந்தவருக்கு இன்னொரு புற்றுநோயும் வரக்கூடும் என்பது மருத்துவ உலகில் பல ஆண்டுகளாக அறியப்பட்டதே. ஆயினும், உடலில் புதிதாக எது தோன்றினாலும் "பழைய இரத்த நோய்தான்" என்று நோயாளியின் குடும்பம் எண்ணிக்கொள்வது வழக்கம். சில வேளைகளில் மருத்துவரும் அவ்வாறே எண்ணிவிடுவதுண்டு. ஆபத்து தொடங்கும் இடம் அதுதான்.

ஆர்ப்பாட்டமற்ற நோய்

கிருமிகளை எதிர்க்க வேண்டிய 'பி' வகை நிணநீரணுக்களில் ஒன்று கெட்டு, தன்னைப் போன்ற அணுக்களை மெதுவாகப் பெருக்கிக்கொண்டே போவதுதான் சி.எல்.எல். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இத்தகைய அணுக்கள் 5,000 அல்லது அதற்கு மேல் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால் நோய் உறுதியாகிறது. பெரும்பாலோருக்கு வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகவே இது தெரியவருகிறது. உடனடியாக மருந்து தொடங்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக் கண்காணிப்பதே பலருக்கும் முதல் சிகிச்சை.

மேலை நாடுகளில் பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் இது. இந்தியாவில் குறைவு. நோய் அரிது என்பதால், அதனுடன் சேர்ந்து வரும் இரண்டாவது நோய் கவனத்துக்குத் தப்பும் வாய்ப்பு இங்கு மிகுதி எனலாம்.

2001-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 16,367 சி.எல்.எல். நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. அதே வயதுடைய பொதுமக்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 20 சதவீதம் கூடுதலாக அவர்களிடம் வேறு புற்றுநோய்கள் காணப்பட்டன. தோல், நுரையீரல் புற்றுநோய்கள் இவ்வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. நோயாளியின் எதிர்ப்பாற்றல் குன்றுவதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. முளைவிடும் புற்றணுக்களை அடையாளம் கண்டு அழிக்கும் காவல் வேலையும் நிணநீரணுக்களுடையதே. அந்தக் காவலரே நோயுற்றிருக்கிறார். முதுமையும் புகையிலையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஃபுளூடராபின் போன்ற சில பழைய மருந்துகள், பிற்காலத்தில் வேறுவகை இரத்தப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் அபாயமும் உண்டு.

தங்கவயலில் கூடுதல் சிக்கல்

கோலாரின் தங்கம் குவார்ட்ஸ் பாறையில் இருந்தது. அதைத் துளையிட்டவர்கள் சிலிக்கா தூசைச் சுவாசித்தனர். இச்சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்து 1947-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஐந்தில் இருவருக்கும் மேலாக சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய் இருந்தது தெரியவந்தது. சிலிக்கா தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. சிலிக்கோசிஸ் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் தாக்கும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த செய்தி. தூசுக்கும் சி.எல்.எல். நோய்க்கும் இத்தகைய தொடர்பு நிறுவப்படவில்லை.

இந்தப் பின்னணியில், சி.எல்.எல். உள்ள முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் கழுத்திலோ மார்புக்கூட்டின் நடுவிலோ நெறிக்கட்டி பெரிதாகிறது என வைத்துக்கொள்வோம். அது இரத்த நோயின் வளர்ச்சியாக இருக்கலாம். சிலிக்காவால் தடித்த பழைய நெறிக்கட்டியாக இருக்கலாம். அவற்றின் விளிம்பில் முட்டை ஓடுபோல் சுண்ணாம்பு படிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிவதுண்டு. காசநோயாகவோ நுரையீரல் புற்றுநோயின் பரவலாகவோ இருக்கவும் இடமுண்டு. ஐந்தாவதாக ஒன்றும் உள்ளது: மெதுவாக நகரும் சி.எல்.எல். திடீரென வேகமெடுத்து, முரட்டு நிணநீர்ப் புற்றுநோயாக மாறுவது. 1928-இல் இதை விவரித்த மருத்துவரின் பெயரால் 'ரிக்டர் மாற்றம்' என்று வழங்குகிறது.

எடை குறைவு, காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவை இவற்றுள் பலவற்றுக்கும் பொதுவானவை. பெட் ஸ்கேனில் புற்றுநோய் ஒளிர்வது போலவே காசநோயும் ஒளிரும். எனவே திசுவை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில அணுக்கள் இங்குப் போதாமல் போகலாம். நெறிக்கட்டியையோ அதன் ஒரு துண்டையோ எடுப்பதே நம்பகமானது. எடுத்த திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினில் இடாமல் காசநோய்க் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் விழுந்தால் கிருமி இறந்துவிடும், அந்தச் சோதனைக்கு அது பயன்படாது.

இரத்தச்சோகையும் இதேபோல் ஏமாற்றக்கூடியது. ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் கான்டி ராய், 1975-இல் வகுத்த நிலைகளின்படியே சி.எல்.எல். இன்றும் அளவிடப்படுகிறது. அதன்படி, நோயின் காரணமாக இரத்தச்சோகை ஏற்பட்டிருந்தால் அது முற்றிய நிலை. ஆனால், குடலில் வளரும் புற்றுநோயிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் கசிந்தாலும் சோகை வரும். உடலில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் இரத்த நோய்க்கு மருந்தைத் தொடங்கினால், குடலில் உள்ளது அங்கேயே வளரும்.

எதிர்த்திசையிலும் தவறு நிகழும்

வாய்ப்புற்றுநோய் அல்லது மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவருக்கு ஸ்கேனில் பல நெறிக்கட்டிகள் வீங்கித் தெரிகின்றன. நோய் பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்கு இடமில்லை என்று முடிவு செய்யத் தோன்றும். அந்த வீக்கத்துக்குக் காரணம் அதுவரை அறியப்படாத சி.எல்.எல். ஆகவும் இருக்கலாம். அப்படியானால் வாயிலோ மார்பகத்திலோ உள்ள கட்டி தொடக்க நிலையிலேயே இருக்கக்கூடும், குணப்படுத்தவும் கூடும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நிணநீரணு எண்ணிக்கை மிகுந்திருப்பதே முதல் துப்பு.

இரண்டும் உறுதியானால் எதற்கு முதலில் சிகிச்சை? பெரும்பாலும் திடக்கட்டிக்கே முன்னுரிமை. சி.எல்.எல். காத்திருக்கும், நுரையீரல் புற்றுநோய் காத்திருக்காது. ரிக்டர் மாற்றம் மட்டும் இதற்கு விலக்கு.

கோரமண்டலிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 1973-இல் தொடங்கப்பட்ட கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை அங்குதான் உள்ளது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அவசரமல்லாத சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும்.

செல்லும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும், சுரங்கத்தில் எந்த வேலையை எத்தனை ஆண்டுகள் பார்த்தார் என்ற விவரத்தையும் எடுத்துச் செல்வது நல்லது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், மருத்துவரின் கணக்கே மாறிவிடும். இப்ருடினிப் மாத்திரை உட்கொள்பவர்கள் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும், பல் பிடுங்குவதற்கு முன்பும்கூட, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அம்மருந்து இரத்தக் கசிவை மிகுவிக்கும் என்பதால், சிகிச்சையின் அளவைப் பொறுத்து முன்னும் பின்னும் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை அதை நிறுத்திவைப்பது வழக்கம். எத்தனை நாட்கள் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். நோயாளி தாமாக நிறுத்தக் கூடாது.