பொச்சாப்பும் குற்றமே: சாலை மரணமும் சட்டமும்

முன்னுரை

ஒருவர் மற்றொருவரைக் கொல்ல வேண்டும் என்று கனவிலும் கருதவில்லை. அவரிடம் பகை இல்லை. கையில் ஆயுதம் இல்லை. ஆயினும் அவர் செலுத்திய வாகனம் சாலையோரம் நடந்து சென்றவர் மீது மோத, ஓர் உயிர் பிரிகின்றது. இத்தகைய மரணத்தை நாம் 'விபத்து' என்னும் ஒற்றைச் சொல்லால் குறித்துவிட்டு அமைதி அடைகிறோம். விபத்து என்னும் சொல்லில் துன்பம் உண்டு. ஆனால் அத்துன்பத்தைச் செய்தவர் இல்லை. மழையும் புயலும் போல அது தானாக நேர்ந்துவிட்டது என்னும் தொனியே அச்சொல்லில் ஒலிக்கின்றது.

தமிழில் வேறொரு சொல் உண்டு. அது 'பொச்சாப்பு' என்பதாகும். செய்ய வேண்டியதை மறந்திருத்தல், காக்க வேண்டியதில் சோர்ந்திருத்தல் என்பது அதன் பொருள். திருவள்ளுவர் அதனை நீக்குதற்கென்றே 'பொச்சாவாமை' என 54ஆம் அதிகாரத்தை வகுத்தார். பிழைபட்டவர் இன்னார் என்று சுட்டும் ஆற்றல் இச்சொல்லுக்கு உண்டு. கவனம் சிதறிய ஓட்டுநரால் பாதசாரி ஒருவர் இறக்கும்போது சட்டம் அதனை எவ்வாறு நோக்குகின்றது, அந்நோக்கு கைப்பேசிக் காலத்திற்குப் போதுமானதா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவாரூர்த் தேர்க்கால்

சாலை மரணம் பற்றிய வழக்குகளுள் தமிழர் நெஞ்சில் நிலைத்தது மனுநீதிச் சோழன் வரலாறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வழக்குரையில் அது சுட்டப்படுகின்றது. பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் அதனை விரித்துரைக்கின்றார். இளவரசன் தேரேறிச் சென்றபோது ஆன்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் சிக்கி மாண்டது. இளவரசன் அதனைக் கொல்ல எண்ணினான் அல்லன். கன்று வந்ததையும் அவன் அறியான். அமைச்சர்கள் பரிகாரம் செய்தால் போதும் என்றனர். குற்றவாளி தன் மகன் என்பதால் பரிகாரம், பிறன் என்றால் தண்டனை என்பது முறையாகாது என்று மறுத்த மன்னன், தன் மகன் மீதே தேரைச் செலுத்தினான்.

இவ்வரலாற்றில் இருவேறு கூறுகள் உள்ளன. ஒன்று, நீதியின் முன் அரசன் மகனும் பிறரும் ஒன்றே என்பது. இக்கூறு இன்றும் பொருந்தும். மற்றொன்று, எண்ணத்தை நோக்காது விளைவை மட்டும் நோக்கி உயிருக்கு உயிர் கேட்பது. இக்காலச் சட்டம் இதனை ஏற்பதில்லை. செயலுக்குப் பின்னிருந்த மனநிலை யாது என்று வினவிய பின்னரே அது தண்டனையை அளக்கின்றது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை நிற்பினும், உள்ளே நடைபெறும் வழக்குகள் இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றன.

சட்டம் காணும் மூன்று படிகள்

ஒருவர் செயலால் மற்றொருவர் இறக்கும்போது சட்டம் மூன்று படிகளைக் காண்கின்றது.

முதற்படி, கொல்லும் எண்ணம். அது கொலை. சாலையில் நேரும் மரணங்களில் இஃது அரிது.

இரண்டாம் படி, கொல்லும் எண்ணம் இல்லையெனினும், இச்செயலால் உயிர் போகக்கூடும் என்னும் அறிவு. இது கொலையாகாத மரணக் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியாக இருந்த இக்குற்றம், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 105ஆம் பிரிவில் அடங்கும். தண்டனை பத்தாண்டு வரை செல்லும்.

மூன்றாம் படி, எண்ணமும் இல்லை, அவ்வறிவும் இல்லை; ஆனால் துணிச்சலோ அசட்டையோ உண்டு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இதற்குத் தனிப்பிரிவு முதலில் இல்லை. 1870இல்தான் 304ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் உச்சத் தண்டனை ஈராண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட அவ்வளவு, விரைவுச் சாலைகள் வந்த பின்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மாறாதிருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநில வழக்கொன்றில், இத்தண்டனையளவை மறுபடியும் எண்ணிப் பார்க்குமாறு சட்டம் இயற்றுவோரைக் கேட்டுக்கொண்டது. அவ்வழக்கில் ஓட்டுநர் இழப்பீடு கொடுத்தார் என்பதற்காக, அவர் சிறையில் இருந்த 24 நாள்களே போதும் என உயர் நீதிமன்றம் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதனை ஆறு மாதமாக உயர்த்தியது.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, இக்குற்றத்திற்கு ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கின்றது. மோதிவிட்டுக் காவல்துறைக்கோ நடுவருக்கோ அறிவிக்காமல் தப்பி ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்கின்றது இரண்டாம் உட்பிரிவு. 2024 ஜனவரியில் சரக்குந்து ஓட்டுநர்கள் இதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டத்தின் கையில் தம் உயிருக்கே ஆபத்து என்பது அவர்கள் வாதம். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே உள்ள கோடு எங்கே செல்கின்றது என்பதை இரு வழக்குகள் காட்டும். 1999 ஜனவரி 10 விடியலில் டெல்லி லோதி சாலையில் சொகுசுக் கார் ஒன்று மோதி, காவலர் மூவர் உள்ளிட்ட அறுவர் மாண்டனர். 2006 நவம்பர் 12 அதிகாலையில் மும்பை பாந்திராவில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர் கார் ஏறி மாண்டனர். இரண்டிலும் மது இருந்தது. இரண்டிலும் 2012இல் உச்ச நீதிமன்றம், இஃது அசட்டை மட்டுமன்று, அறிந்து செய்த செயல் என்று கூறி இரண்டாம் படிக் குற்றத்தையே உறுதி செய்தது. குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு விளைவு தெரியாது என்று கூறுதற்கு இடமில்லை என்பதே இத்தீர்ப்புகளின் உட்கிடக்கை.

'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'

நம் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளில் இத்தொடர் தவறாது இடம்பெறும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்". அறிக்கையில் எழுதுவது எளிது. நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது அரிது. வாகனம் வேகமாக வந்தது என்று சாட்சி கூறுவது மட்டும் போதாது, அவ்வேகம் அசட்டையைக் காட்டுவதாகவும் இருத்தல் வேண்டும் எனக் கர்நாடக வழக்கொன்றில் 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மரணம் நேர்ந்தது, ஆகவே ஓட்டுநரே குற்றவாளி என்று ஊகித்துக் குற்றவியல் வழக்கில் மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர் தலையில் ஏற்றக் கூடாது என 1979லேயே அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது ஓட்டுநருக்கும் நீதி வேண்டும் என்பதற்காக அமைந்த காவல். சாலையில் திடீரென ஓடிவரும் குழந்தையை எந்தக் கவனமும் காக்க இயலாத நேரங்களும் உண்டு.

எனவே வழக்கின் உயிர் சான்றுகளில் உள்ளது. காவல்துறை நிகழ்விடத்தைப் பார்த்துப் பார்வை மகசரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, இயந்திரக் கோளாறு இருந்ததா என அறிக்கை தருவார். பிரேதப் பரிசோதனை அறிக்கை சேரும். ஓட்டுநர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார் எனில், அந்நேரத்து அழைப்புப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து உரிய சான்றிதழுடன் பெற வேண்டும். இதனைக் கேட்டுப் பெறாத வழக்குகளில், மரணத்திற்கு உண்மைக் காரணமான அந்த ஓர் அழைப்பு ஆவணங்களில் இடம்பெறாமலே போய்விடும். இறந்தவரின் குடும்பத்தார் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் வற்புறுத்த வேண்டியது இது.

106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு பிணையில் விடத்தக்க குற்றம் என்பதால் ஓட்டுநர் விரைவில் வெளிவந்துவிடுவார். 2024 ஜூன் மாதத்தில் சென்னை பெசன்ட் நகரில் சாலையோரம் உறங்கிய இளைஞர் கார் ஏறி இறந்த நிகழ்வில், பழைய 304ஏ பிரிவின் கீழ்க் கைதானவர் காவல் நிலையப் பிணையிலேயே விடப்பட்டது மக்களிடையே பெரிதும் பேசப்பட்டது. பிணை என்பது விடுதலை அன்று, விசாரணை தொடரும். ஆயினும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, ஏழைக் குடும்பத்திற்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதில் வியப்பில்லை.

கைப்பேசி என்னும் புதிய வினா

கவனம் சிதறுதல் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. தும்மல் வருதலும் கண்ணில் தூசி விழுதலும் ஓட்டுநர் விரும்பி அழைத்தவை அல்ல. கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதோ அவரே தேர்ந்து செய்வது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். ஒரு குறுஞ்செய்தியைப் பார்க்க மூன்று நொடி எனக் கொண்டால், வண்டி 50 மீட்டர் தூரம் குருடாக ஓடுகின்றது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஆரணிப் பட்டுச்சேலைகள் ஒன்பதை ஒன்றன்பின் ஒன்றாக விரித்த தொலைவு அது. அத்தொலைவை ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் அதனை விபத்து என்போமா?

ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துவோர் மோதலில் சிக்கும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இந்தியாவில் 2022இல் மட்டும் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இந்நிலையில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் கையில் பிடித்த கைப்பேசிப் பயன்பாட்டை 'அபாயகரமாக ஓட்டுதல்' என்பதனுள் வெளிப்படையாகச் சேர்த்தது. உயிர்ச்சேதம் நேராவிட்டாலும் முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பிற நாட்டு நிகழ்வொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 2018 மார்ச் 18இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துவந்த தானியங்கிக் கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதிக் கொன்றது. காரைக் கண்காணிக்க அமர்ந்திருந்தவர் கைப்பேசியில் கவனம் செலுத்தியிருந்தார் என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகளும் குறைகூறப்பட்டன. ஆயினும் குற்றவியல் வழக்கு கண்காணிப்பாளர் மீதே தொடரப்பட்டது. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புப் பெற்றார். இயந்திரமே ஓட்டும் காலத்திலும் மனிதரின் விழிப்புக் கடமை தீரவில்லை என்பதே இதன் பாடம்.

உயிருக்கு ஈடு

தண்டனை குற்றவாளிக்குரியது, ஈடு குடும்பத்திற்குரியது. குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுவிக்கப்பட்டாலும், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குடும்பத்தார் இழப்பீடு பெறலாம். ஏனெனில் அங்கு ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்பதே அளவுகோல். வாகனம் அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திட்டத்தின்படி இறந்தவர் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. இதனை அறியாமலே இருந்துவிடும் குடும்பங்கள் பல.

இஸ்லாமியச் சட்டமரபும் இவ்விரண்டையும் பிரித்தே காண்கின்றது. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 92ஆம் வசனம் தவறுதலாக நேரும் கொலையைத் தனியே வகுத்து, குடும்பத்திற்கு ஈட்டுத் தொகையையும், செய்தவருக்கு இறைவன் முன் பரிகாரத்தையும் விதிக்கின்றது. 'தியத்' எனப்படும் இவ்வீடு வளைகுடா நாடுகளில் சாலை மரணங்களுக்கும் பொருந்துகின்றது. அங்கு ஓட்டுநராகச் செல்லும் நம் இளைஞர்கள் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று. 'கொல்ல எண்ணவில்லை' என்பது கொலைப்பழியைத்தான் நீக்கும், பொறுப்பை நீக்காது என்னும் கருத்து இங்கும் அமைந்திருத்தல் கருதத்தக்கது.

நடப்பவர் ஊர்

இவையெல்லாம் பெருநகரச் செய்திகள் என்று கருதற்க. ஆடித் திங்களில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலை நாடி மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவர். குழந்தையைத் தோளில் சுமந்தவரும் முதியோரும் இருள் பிரியுமுன்னே சாலையோரம் செல்வர். ஆரணி வட்டாரத்து நெசவாளர் தெருக்களிலோ தெருவே தறிக்கூடத்தின் நீட்சி; பாவு விரிப்பதும் இழை சரிபார்ப்பதும் அங்கேதான். இவ்வூர்களில் சாலை என்பது வண்டிக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சிடும் கண்கள் நெசவாளரின் கண்கள். அத்தகைய கவனத்தால் வாழும் ஊரில், கைப்பேசித் திரையில் பதிந்த ஓட்டுநரின் கண்ணால் ஓர் உயிரிழை அறுபடுமாயின் அதனை முடிச்சிட எவராலும் இயலாது.

மோதல் நேர்ந்துவிட்டால் ஓட்டுநரின் கடமை யாது என்பதும் சட்டத்தில் தெளிவாக உள்ளது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிட்டச் செய்தலும், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தலும் 134ஆம் பிரிவு விதிக்கும் கடமைகள். உதவ முன்வரும் வழிப்போக்கரைத் துன்புறுத்தாமல் காக்க 2019இல் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகின்றது. ஆகவே அஞ்சி விலகிச் செல்ல எவருக்கும் காரணமில்லை.

முடிவுரை

அளவிறந்த சினத்தைக் காட்டிலும், மகிழ்ச்சியில் மூழ்கி மறந்திருத்தல் தீமை மிக்கது என்னும் கருத்துடன் வள்ளுவர் பொச்சாவாமை அதிகாரத்தைத் தொடங்குகின்றார். தண்டனைச் சட்டம் இவ்வரிசையைத் தலைகீழாக வைத்துள்ளது: சினத்தால் கொன்றவனுக்குப் பெருந்தண்டனை, மறதியால் கொன்றவனுக்குச் சிறுதண்டனை. எண்ணத்தை அளக்கும் முறை அதுவாகையால் அதனைக் குறைகூறல் ஆகாது. ஆனால் திரையை நோக்குவது மறதி அன்று; சாலையை மறக்கத் தாமே இசைவது. குடித்து ஓட்டுதலை அறிந்து செய்த செயலாகக் காண நீதிமன்றங்கள் கற்றதுபோல, இதனையும் அவ்வாறு காணும் காலம் வரவேண்டும்.

சட்டம் அங்கு வந்து சேரும் வரை, நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மாணவர்கள் செய்தி எழுதும்போதும், பேசும்போதும், இரங்கல் கூறும்போதும் "விபத்தில் இறந்தார்" என்பதோடு நிறுத்தாமல், யாருடைய பொச்சாப்பால் இறந்தார் என்று கேட்கப் பழகுதல் வேண்டும். செய்தவரைச் சுட்டாத சொல், செய்தவரைத் தப்பவும் விடும். சொல்லைத் திருத்துவது தமிழ் படித்தவர் கடமை. கண்ணைச் சாலையில் வைப்பது வண்டி ஓட்டுவோர் அனைவர் கடமை.