ஐம்பது வயதுக்கு மேல் ஸ்பெல்லிங்

சொல்லைத் தேடி – 14

சென்ற வாரம் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் போட்டியில் கலந்துகொள்ளும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், பிள்ளைங்களுக்குப் பசுமரத்தாணி மாதிரி பதிஞ்சிடும். என் வயசுல ராத்திரி ஒரு புது வார்த்தை படிச்சா காலையில காணோம். பெரியவங்களால இதெல்லாம் முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் அம்மா. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வயோமிங் மாநிலத்தின் தலைநகரான ஷையெனில் ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கென்றே ஒரு தேசிய ஸ்பெல்லிங் போட்டி 1996-ல் தொடங்கியது. மூத்தோர் நலனுக்காக இயங்கும் ஏஏஆர்பி அமைப்பு பல ஆண்டுகள் அதை நடத்தியது. முதலில் எழுத்துத் தேர்வு. மேடையில் இருப்பவர் ஒவ்வொரு சொல்லாக உச்சரிப்பார், எல்லோரும் தாளில் எழுத வேண்டும். அதில் முந்தியவர்கள் மட்டும் அடுத்துத் தனித்தனியாக ஒலிவாங்கியின் முன்னால் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் போட்டியில் முதல் பரிசு 50,000 டாலர். பெரியவர்கள் போட்டியில் அப்படிப்பட்ட பணம் எதுவும் இல்லை. ஆனாலும் பல மாநிலங்களிலிருந்து சொந்தச் செலவில் ஷையெனுக்கு வந்தார்கள். எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

ஸ்பெல்லிங் போட்டி என்றால் பிள்ளைகள் என்று நாம் நினைப்பது தொலைக்காட்சியால் வந்த பழக்கம். அது பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் இருந்தது. நோவா வெப்ஸ்டர் 1783-ல் வெளியிட்ட எழுத்துப் பாடநூல் நீல அட்டையோடு அமெரிக்க வீடுகளெங்கும் புகுந்தது. 19-ம் நூற்றாண்டில் கிராமப் பள்ளிக்கூடங்களில் மாலை வேளையில் ஊரே கூடி இரண்டு அணியாகப் பிரிந்து சொற்களை எழுத்துக்கூட்டிப் போட்டியிட்டது. எட்வர்ட் எகிள்ஸ்டன் 1871-ல் எழுதிய 'தி ஹூசியர் ஸ்கூல்மாஸ்டர்' நாவலில் அப்படி ஒரு போட்டி வருகிறது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த மோகம் நகரங்களையும் பிடித்துக்கொண்டது. 1875 மே மாதம் ஹார்ட்ஃபோர்ட் நகரத் தேவாலயம் ஒன்றில் நடந்த போட்டியில் மார்க் ட்வைனே மேடையேறிப் பேசினார். பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியைப் பத்திரிகைகள் சேர்ந்து தொடங்கியது 1925-ல்தான். ஒன்பது பேர் போட்டியிட்டார்கள். 'கிளாடியோலஸ்' என்ற பூவின் பெயரைச் சரியாகச் சொல்லி 11 வயது ஃபிராங்க் நியூஹாசர் வென்றார். இன்று அந்த மேடையில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை.

தாண்டியவர்கள் வேறு இடம் தேடிக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் மதுக்கூடங்களில்கூட ஸ்பெல்லிங் இரவுகள் நடக்கின்றன. பல ஊர்களில் முதியோர் கல்விக்கு நிதி திரட்ட எழுத்தறிவு அமைப்புகளும் நூலகங்களும் போட்டி நடத்துகின்றன. மூன்று பேர் கொண்ட அணிகள் கட்டணம் கட்டிச் சேர்ந்து, தலையோடு தலை வைத்துப் பேசி, பலகையில் எழுதிக் காட்டுவார்கள். வங்கி ஊழியர் அணி, மருத்துவமனை அணி, பத்திரிகை அணி என்று ஊரே வந்துவிடும்.

இனி ஆசிரியை கேட்ட கேள்விக்கு வருகிறேன். எப்படிப் படிப்பது?

ஸ்கிரிப்ஸ் போட்டிக்கு ஆதாரமான பெரிய வெப்ஸ்டர் அகராதியில் 4,70,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. மனப்பாடம் செய்து தீராது, பிள்ளைகளுக்கும் தீராது. ஆகவே தேறியவர்கள் எல்லோரும் சொல்லை விட்டுவிட்டு, அது எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்பதைப் பிடிக்கிறார்கள். மேடையில் நிற்பவருக்குச் சில கேள்விகள் கேட்க உரிமை உண்டு. பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா, ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியுமா, வேறு உச்சரிப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். பார்வையாளர்களுக்கு இது நேரம் கடத்துவதாகத் தெரியும். உண்மையில் இரண்டாவது கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடு? ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலி மங்கிப்போய்விடும். லெட்டர், டாக்டர், காலண்டர் என்று நாம் தமிழில் எழுதும்போது மூன்றும் 'டர்' என்றுதான் முடிகின்றன. ஆங்கிலத்தில் ஒன்றில் ஈ, ஒன்றில் ஓ, ஒன்றில் ஏ. காதுக்கு ஒரே ஒலி, கைக்கு மூன்று எழுத்து. நம்மிடமும் உயிரொலி குறுகுவது உண்டு. காடு, பாட்டு என்று சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரைதான். ஆனால் எவ்வளவு குறுகினாலும் எழுதும்போது அது உகரமாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் குறுகிய ஒலிக்குப் பின்னால் ஐந்து உயிரெழுத்தில் எதுவும் ஒளிந்திருக்கலாம். போட்டிகளில் பெரும்பாலானவர்கள் விழுவது நீளமான சொல்லில் அல்ல, இந்த மங்கிய ஒலியில்தான்.

மூலமொழி தெரிந்தால் மூட்டம் விலகுகிறது. 2023-ல் தேவ் ஷா வென்ற சொல் 'சாமோஃபைல்'. மணற்பாங்கான இடத்தில் வாழும் உயிரி என்று பொருள். கிரேக்கம் என்று தெரிந்தால், தொடக்கத்தில் 'சைக்காலஜி'யில் இருப்பதுபோல ஓசையில்லாத ஒரு பி இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வந்துவிடும். 'ஃபைல்' என்ற முடிவு 'ஃபிலாஸஃபி'யில் உள்ள அன்பு என்ற அதே வேர். ஆகவே அங்கே எஃப் கிடையாது, பி-யும் எச்சும்தான். இடையில் எம் இரண்டு. அது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

1999-ல் நூபுர் லாலா வென்ற சொல் 'லாகரியா'. ஓயாமல் பேசுகிற நோய். அதன் பின்பாதி நமக்கெல்லாம் தெரிந்த டயரியாவின் பின்பாதிதான், கிரேக்கத்தில் ஒழுகுதல். இரண்டு ஆர், பிறகு ஒரு எச். மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவருக்கு இந்தச் சொல்லைப் புதிதாகப் படிக்க வேண்டியதே இல்லை. 'ஆஃப்தால்மாலஜி'யில் முதல் எச்சை விட்டுவிடுபவர்கள் ஏராளம். கண் மருத்துவரிடம் செவிலியாக இருந்தவர் விடமாட்டார். பெரியவர்களின் பலம் இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை பட்டியலில் பார்த்த சொல்லை, ஐம்பத்தைந்து வயதுக்காரர் மருந்துச் சீட்டிலோ கோர்ட் தாளிலோ விதைப் பொட்டலத்திலோ பார்த்திருப்பார்.

இத்தாலியச் சொல் என்றால் மெய்யெழுத்து இரட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2005-ல் அனுராக் காஷ்யப் வென்ற 'அப்பாஜியதூரா' ஓர் இசைச் சொல். அடுத்து வரும் சுரத்தின் மேல் சாய்ந்து நிற்கும் அலங்காரச் சுரம் அது. இரண்டு பி, இரண்டு ஜி. இத்தாலியர்கள் நம்மைப் போலவே இரட்டிப்பை அழுத்தி உச்சரிப்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அந்த அழுத்தம் கரைந்துபோனது, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன் சொல்லுக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் இப்படித் தனித்தனிக் குணங்கள் உண்டு. அவற்றைப் பிறகு ஒரு வாரம் பார்க்கலாம்.

எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாதவை மனிதர்களின் பெயரால் வந்த சொற்கள். 2021-ல் லூசியானாவைச் சேர்ந்த 14 வயது ஸைலா அவான்-கார்டின் கடைசிச் சொல் 'முர்ராயா'. ஒரு தாவரப் பேரினத்தின் பெயர். அதில் நகைச்சுவை நடிகர் ஒருவரின் பெயரான 'முர்ரே' இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். அரங்கம் சிரித்தது. ஆனால் அது வேடிக்கைக் கேள்வி அல்ல. ஒரு மனிதரின் பெயர் என்று ஊகித்தவுடன் அதன் எழுத்துகள் கிடைத்துவிடுகின்றன, கடைசியில் ஓர் ஏ சேர்த்தால் போதும். அது 18-ம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் யோஹான் ஆண்ட்ரியாஸ் முர்ரேயின் பெயர். ஸைலா சரியாகச் சொல்லி, அந்தப் போட்டியை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்.

இந்தச் சொல் எனக்கு நெருக்கமானது. நாம் தாவரவியல் பாடத்தில் கறிவேப்பிலைக்குப் படித்த பெயர் 'முர்ராயா கோனிகீ'. பின்பாதியில் இருப்பவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்து, நம் கரையோரத்துச் செடிகளைத் தேடி அலைந்து, பிறகு ஆற்காடு நவாபிடமும் வேலை பார்த்தார். நம் தாளிப்பில் விழும் இலையின் பெயரில் ஸ்டாக்ஹோமில் பிறந்த ஒருவரும், தரங்கம்பாடியில் தங்கிய ஒருவரும் இருக்கிறார்கள். இந்தக் கதையை ஒருமுறை கேட்டவருக்கு அந்தச் சொல்லில் ஆர் ஒன்றா இரண்டா என்ற குழப்பம் வராது. பெரியவர்களின் நினைவு கதையைப் பிடித்துக்கொள்ளும். பட்டியலைத்தான் கைவிடுகிறது.

தமிழிலிருந்து போன சொற்கள் நமக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. கட்டுமரத்தில் நாம் 'ட'வை அழுத்துகிறோம், ஆங்கிலக் 'கேட்டமரான்' ஒரே டி-யோடு நிற்கிறது. மிளகுத்தண்ணீரில் ளகரம் ஒன்று, 'மல்லிகடானி'யில் எல் இரண்டு. சுருட்டு 'ஷெரூட்' ஆனபோது இரண்டு ஓ ஏறிக்கொண்டன. குருந்தக் கல், வெட்டிவேர் என்று இன்னும் உண்டு. கப்பல்காரர்களும் கம்பெனிக் குமாஸ்தாக்களும் காதில் விழுந்தபடி எழுதிவைத்தது அகராதியில் உறைந்துவிட்டது. தாய்மொழிக்காரர் என்பதற்காக அவை வழிவிடுவதில்லை. இந்தச் சொற்களைத்தான் நம்மவர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்.

காலையில் காணாமல் போகிற சொல்லைப் பற்றி ஆசிரியை சொன்னாரே, அதற்கும் வழி உண்டு. உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன் மீதே சோதனை செய்து 1885-ல் வெளியிட்ட நூலிலிருந்து, மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது என்று தெரியும். இது எந்த வயதுக்கும் பொதுவான குணம், மூப்பின் குறை என்று எண்ணி வருந்த வேண்டாம். 1972-ல் ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் ஓர் எளிய பெட்டியைச் சொன்னார். ஐந்து அறைகள். ஓர் அட்டையில் ஒரு சொல். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுப்பது, பின்னறைகளை நாள் கடத்தி எடுப்பது. தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்வது இதில் நடக்காது. அதுதான் இதன் நன்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் குழுவினர் ஸ்பெல்லிங் போட்டியாளர்களை ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். பிறரைக் கேள்வி கேட்கச் சொல்லிப் படிப்பது, பொழுதுபோக்காக வாசிப்பது, தனியாக உட்கார்ந்து சொற்களைப் படிப்பது ஆகிய மூன்றில் கடைசியே வெற்றிக்கு அதிகம் உதவியது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்காததும் அதுதான். ஓய்வுபெற்றவர்களிடம் தனிமையும் காலை நேரமும் இருக்கின்றன. ஆனால் தாளில் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், வாய்விட்டும் சொல்லுங்கள். மேடையில் ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டால் அதை மாற்ற முடியாது. முதலிலிருந்து தொடங்கலாம், சொன்ன எழுத்தைத் திருத்த முடியாது. கைக்குத் தெரிந்த சொல் வாய்க்குத் தெரியாமல் போவது பெரியவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.

வயதானாலும் இந்த ஆர்வம் வற்றாது என்பதற்கு ஜாக் பெய்லி ஒருவரே போதும். 1980-ல் பள்ளி மாணவராக ஸ்கிரிப்ஸ் போட்டியை வென்றவர், பிறகு கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் பேராசிரியர் ஆனார். 2003 முதல் அதே மேடையில் சொற்களை உச்சரிப்பவர் அவர்தான். பிள்ளைகள் மூலமொழி கேட்கும்போது பொறுமையாகச் சொல்வதும் அவர்தான்.

நம் ஊர் நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் நூல் அறிமுகத்தோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. ஒரு மாலையை ஐம்பது வயதைக் கடந்தவர்களின் ஸ்பெல்லிங் போட்டிக்கு ஒதுக்கும்படி அவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். மூவர் அணி, ஒரு நல்ல அகராதி, வேர்களை விளக்கிச் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியர், இவ்வளவு போதும். கட்டணமாக வரும் தொகையில் சிறுவர் பகுதிக்கு அகராதிகள் வாங்கலாம். ஆங்கிலத்தோடு தமிழுக்கும் ஒரு சுற்று வையுங்கள். லகர ளகர ழகரமும், ஒற்று மிகும் இடங்களும் எவரையும் தடுமாற வைக்கும். உங்கள் ஊரில் நடத்தினால் எனக்கு எழுதுங்கள். எந்தச் சொல்லில் அதிகம் பேர் தவறினார்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.