மேலே மூடிவிடலாமா?

சென்னைப் புறநகரிலும் கோவையிலும் அண்மையில் கட்டிய தனி வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால், வாசலை ஒட்டியோ மொட்டை மாடியிலோ ஒரு பெர்கோலா கண்ணில் படும். நான்கு கால், மேலே ஒரு சட்டம், அதன் குறுக்கே இடைவெளி விட்டு இரும்புக் குழாய்கள் அல்லது கான்கிரீட் பட்டைகள். வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சித்திரை வெயில் அதன் வழியே கோடு கோடாக விழும். ஐப்பசி மழைக்கு அந்தக் கோடும் கிடையாது. ஒரு மழைக்காலம் போனதும் வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள்: “சட்டம்தான் இருக்கே, மேலே ஒரு ஷீட் போட்டு மூடிட்டா என்ன?” வெல்டர் வருவார், அளவெடுப்பார், “ரெண்டு நாள் வேலை சார்” என்பார்.

வீட்டுக்காரர் அப்போது தவறாமல் கேட்பது, “கால் வெயிட்டைத் தாங்குமா?” என்று. பெரும்பாலும் தாங்கும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோதான். 12 அடிக்கு 15 அடி இடத்தை முழுதும் மூடினாலும் எண்பது கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிற ஒரு மனிதரின் எடை. மங்களூர் ஓடு வேண்டும் என்று ஆசைப்பட்டால் கதை வேறு. அது சதுர மீட்டருக்கு நாற்பது கிலோ அளவுக்குப் போகும், மழையில் ஊறினால் இன்னும் ஏறும். அதற்கு இன்ஜினீயரைப் பார்க்காமல் தொடக்கூடாது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி கீழே அழுத்தும் எடையைப் பற்றியதல்ல. மேலே இழுக்கும் காற்றைப் பற்றியது.

திறந்த பெர்கோலாவைக் காற்று கண்டுகொள்வதில்லை. இடைவெளி வழியே போய்விடுகிறது. அதன்மேல் ஷீட்டை அடித்த கணத்தில் அது கப்பலின் பாய் ஆகிவிடுகிறது. ஷீட்டின் மேற்புறம் வேகமாக ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். கீழே, திறந்த பக்கமாக நுழையும் காற்று வீட்டுச் சுவரில் முட்டி, போக வழியில்லாமல், அடியிலிருந்து தூக்கும். வீட்டை ஒட்டிய கூரைகளுக்கு இந்த இரண்டாவது உதை கூடுதல்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. கட்டடங்களின் மீது காற்று செலுத்தும் விசைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி. அது சென்னைக்குக் கணக்கில் எடுக்கச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வீட்டின் உயரம், சுற்றிலும் உள்ள கட்டடங்கள், கூரையின் சாய்வு ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். பாதிதான் மேல்நோக்கி வேலை செய்கிறது என்று தாராளமாகத் தள்ளுபடி கொடுத்தாலும், நம் 12-க்கு 15 அடிக் கூரையைக் காற்று 1,250 கிலோ விசையோடு தூக்கப் பார்க்கும். ஷீட்டின் எடையோ எண்பது கிலோ. கோவையில் இந்த விசை நாற்பது சதவிகிதம் குறைவு, ஆனாலும் எண்பது கிலோவுக்கு எதிரே அதுவும் சின்னதல்ல.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் தகடுகள் பறந்தது இதனால்தான். பறக்கும் தகடு வீட்டுக்காரரின் நஷ்டத்தோடு நிற்பதில்லை. தெருவில் போகிறவரின் கழுத்துயரத்தில் வருகிறது.

ஆக, கூரையை நிறுத்துவது கால்களின் பலம் மட்டுமல்ல. ஷீட்டை ஸ்க்ரூ பிடிக்க வேண்டும், ஸ்க்ரூவைக் குறுக்குக் குழாய் பிடிக்க வேண்டும், குழாயை வெல்டிங் பிடிக்க வேண்டும், சட்டத்தைக் கால் பிடிக்க வேண்டும், காலைத் தரை பிடிக்க வேண்டும். எது பலவீனமோ அங்கே பிய்யும். அழகுக்காகப் போட்ட பெர்கோலாவில் குறுக்குக் குழாய்களைப் பெரும்பாலும் இரண்டு மூன்று புள்ளி வெல்டிங்கில் ஒட்டவைத்திருப்பார்கள். தன் எடையைத் தவிர வேறெதையும் சுமக்காத குழாய்க்கு அது போதும். கூரை வருவதாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி முழு வெல்டிங் ஓட்டி, ப்ரைமர் அடிக்க வேண்டும். ஓரத்திலும் மூலையிலும் காற்றின் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்க்ரூ வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மொட்டை மாடியில் சங்கடம் இன்னும் அடியில் இருக்கிறது. நம் ஊர் மாடித் தளத்தில் மேலே தெரிவது தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட மூன்று நான்கு அங்குலப் பூச்சு. அதற்கும் கீழேதான் கான்கிரீட். காலின் அடித்தகட்டை வைத்து நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை முடுக்கினால், அது முக்கால்வாசி சுண்ணாம்புக்குள்ளேயே நின்றுவிடும். கையால் ஆட்டினால் அசையாது. புயல் இழுத்தால் வெண்ணெயில் குத்திய ஊசிதான். போதாததற்கு, துளைத்த இடம் வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே படுக்கையறையின் சீலிங்கில் வட்டம் போடும். சரியான வழி, கீழ்வீட்டுத் தூண்களின் தலைக்கு நேர் மேலே பூச்சை வெட்டி எடுத்து, கான்கிரீட்டோடு இணைத்துச் சிறு பீடம் கட்டி, அதன்மேல் காலை நிறுத்துவது. மேல்தளம் எடுப்பதற்காகத் தூண் கம்பி விட்டுவைத்திருந்தால் வேலை சுலபம். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவர்மேல் காலை நட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்தது வாட்டம். பெர்கோலா மட்டமாக நிற்பது. கூரை மட்டமாக நிற்கக் கூடாது. பத்தடிக்கு ஓர் அடியாவது சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். கேட்க எளிது. ஆனால் அந்த ஓர் அடியை எங்கிருந்து எடுப்பது? சுவர்ப் பக்கம் ஏற்றினால் ஜன்னலின் சஜ்ஜா இடிக்கும், வெளிப்பக்கம் இறக்கினால் நம் தலை இடிக்கும். இருக்கிற சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஏறுவரிசையில் குட்டைக் கால்கள் வைத்துச் சரிவை உண்டாக்குவதுதான் பல வீடுகளில் முடிகிற காரியம். ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் வெறும் சிலிக்கான் பூசிவிட்டுப் போவார்கள். வெயிலில் விரிந்து சுருங்கிப் பிளந்துவிடும். சுவரில் காடி வெட்டி, மடித்த தகட்டை அதில் செருகி, கலவை வைத்துப் பூசினால்தான் ஒழுகாது.

ஒரு மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர் கொட்டும் மழையில் இந்தச் சின்னக் கூரையிலிருந்து 1,600 லிட்டருக்கு மேல் இறங்கும். அது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டர் வைத்து, குழாயில் இறக்கி, 2003-இல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டியில் சேர்த்துவிடலாம். சென்னை மழைக்கு ஆண்டுக்கு 23,000 லிட்டர் வரை கிடைக்கும்.

வெப்பத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் நிழலுக்காகப் போட்ட தகரம் மே மாதம் அடுப்பாகிவிட்டது என்று புலம்பாத வீடு குறைவு. வெளிர் நிறம், உயரம், மேற்பக்கத்தில் சூடான காற்று வெளியேற இடைவெளி ஆகிய மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பணம் இருந்தால் நடுவில் நுரை அடைத்த பஃப் பேனல். மழைச் சத்தமும் குறையும். பாலிகார்பனேட் வெளிச்சம் தரும், கூடவே வெப்பத்தையும் தரும். பச்சை நிறத்தில் வாங்கியவர்கள் கீழே உட்கார்ந்தால் எல்லோர் முகமும் காமாலை கண்டதுபோல் இருக்கும், அது வேறு. பாலிகார்பனேட்டில் புற ஊதாக் கதிர்த் தடுப்பு உள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில கோடையிலேயே மஞ்சளித்து நொறுங்கும். மூன்று மீட்டர் பாலிகார்பனேட் ஷீட் இரவுக்கும் மதியத்துக்கும் இடையில் பல மில்லிமீட்டர் நீளும், குறுகும். அதனால் ஸ்க்ரூவுக்கான துளை ஸ்க்ரூவைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கி முடுக்கியவர்கள் வீட்டில்தான் துளையிலிருந்து விரிசல் கிளம்புகிறது. முழுதும் இரும்பு ஷீட் போடுவதானால் நடுவில் ஒரு பட்டையாவது ஒளி புகும் ஷீட்டாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒட்டிய ஹால் பகலிலேயே இருட்டும்.

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் இடையே உள்ள பக்கவெளியை மூடுவதற்குமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த சட்டத்தையும் மூடிய கூரையையும் ஒன்றாகவே பார்ப்பார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம்.

பழைய சட்டம் இவ்வளவுக்கும் ஈடுகொடுக்காது என்று தெரிந்தால், அதை நம்பாமல் நான்கு புதுக் கால் தனியாக நட்டுக் கூரை போடுவது மலிவு. வெயில் மட்டும்தான் தொல்லை என்றால் நிழல் வலை போதும்; காற்று அதனூடே போகும், புயல் எச்சரிக்கை வந்தால் அவிழ்த்து மடித்து வைக்கலாம். ஷீட் போட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஒவ்வொரு புரட்டாசியிலும், மழை பிடிப்பதற்கு முன், ஏணி போட்டு ஏறி ஓரத்து ஸ்க்ரூக்களை ஒருமுறை முடுக்கிப் பார்த்து, காய்ந்து வெடித்த வாஷர்களை மாற்றிவிட வேண்டும்.