சிறுமணியும் பெருமணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பட்டறைகளில் எஃகின் தரத்தைக் கண்ணால்தான் அளந்தார்கள். வார்த்த கட்டியின் நுனியை உடைத்து, உடைந்த முகம் மின்னும் விதத்தைப் பார்த்தே ரகம் பிரித்தார்கள். முறிந்த ரயில் அச்சுகளில் அதே மினுமினுப்பைக் கண்டவர்கள், ஓடி ஓடியே இரும்பு படிகமாகிவிட்டது என்று நம்பினார்கள்.

அந்த ஊர்க்காரரான ஹென்றி கிளிஃப்டன் சார்பி, 1860களில் எஃகை மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து, நுண்ணோக்கியில் வைத்தார். உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்க்கும் வழி அப்படித் திறந்தது. இரும்பு பிறக்கும்போதே படிக மணிகளின் கூட்டம் என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

அந்த மணிகளின் அளவுக்கும் வலுவுக்கும் உள்ள கணக்கை 1951இல் ஹால் என்ற ஆய்வாளரும் 1953இல் பெட்ச் என்ற ஆய்வாளரும் எழுதினார்கள். உலோகம் வளையும்போது அதன் அணு அடுக்குகளில் உள்ள பிறழ்வுகள் நகர்கின்றன. ஒரு மணி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் அடுக்குகளின் திசை மாறுவதால், பிறழ்வுகள் அங்கே முட்டி நிற்கின்றன. மணி சிறுத்தால் முட்டுச்சுவர்கள் பெருகும். மணியின் விட்டம் நான்கில் ஒன்றானால், எல்லைகள் தரும் வலு இரட்டிக்கும்.

அன்று எல்லாரும் தேடியது சீரான சிறுமணி. பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் அது குறை.

மணிகளை நானோமீட்டர் அளவுக்குக் குறைத்தபோது இரண்டு தடைகள் வந்தன. வலு ஏறிய உலோகம் நீள மறுத்து, சீக்கிரமே அறுந்தது. செம்பு போன்றவற்றில் 10, 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் மணிகளின் எல்லைகளே வழுக்கத் தொடங்கி, வலுவும் இறங்கியது.

2002இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். செம்பைத் திரவ நைட்ரஜன் குளிரில் உருட்டித் தகடாக்கி, பிறகு கொஞ்ச நேரம் மிதமான வெப்பத்தில் வைத்தார்கள். மிக நுண்ணிய மணிகளுக்கு நடுவே சில மணிகள் மட்டும் மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்தன. சிறுமணிகள் வலுவைக் காத்தன. பெருமணிகள் இழுப்புக்கு இடம் கொடுத்தன. சாதாரணச் செம்பைப் போலப் பல மடங்கு வலுவான அந்தத் தகடு, அறுவதற்கு முன் 65 சதவீதம் வரை நீண்டது.

தற்செயலாக நேரும் கலப்பு இன்றும் குறைதான். அறிந்து செய்யும் கலப்புதான் இப்போது உத்தி. அதனால்தான் மணியின் சராசரி அளவை மட்டும் குறித்துவிட்டு நகர்வது எனக்குப் போதவில்லை. ஒரே சராசரி உள்ள இரண்டு தகடுகளில் ஒன்று நீளலாம், மற்றது சீக்கிரமே அறுந்துபோகலாம். எத்தனை சிறிது, எத்தனை பெரிது, எங்கெங்கே என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.