ஒரு யோசுவா, பல கல்லறைகள்: எது உண்மை?

மோசேக்குப் பிறகு இஸ்ரவேலரை வழிநடத்தியவர் யோசுவா. 110 வயதில் இறந்த அவரை எப்பிராயீம் மலைநாட்டில் உள்ள திம்னாத்சேராவில் அடக்கம் செய்ததாக பைபிள் சொல்கிறது. ஊர் பேரே இருக்கே, அப்புறம் என்ன குழப்பம்?

அந்த ஊர் இன்று எது என்பதில்தான் சிக்கல். மேற்குக் கரையில் மட்டும் இரண்டு இடங்கள் போட்டியில் இருக்கின்றன.

கிர்பெத் திப்னா: 1863-ல் பிரெஞ்சு ஆய்வாளர் விக்டர் கெரான் இங்குள்ள ஒரு குடைவரைக் கல்லறையைச் சுட்டிக்காட்டினார். ஊர்ப் பெயர் ஒத்துப்போகிறது. கல்லறை முகப்பில் விளக்கு வைக்க 200-க்கும் மேற்பட்ட மாடக்குழிகள். யாரையோ மதித்து விளக்கேற்றியிருக்கிறார்கள், சரி. ஆனால் யாரை? பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் இல்லை.

கிஃப்ல் ஹாரிஸ்: பாலஸ்தீன கிராமம். நியாயாதிபதிகள் புத்தகம் அதே ஊரை 'திம்னாத்ஏரேஸ்' என்கிறது. ஏரேஸ், ஹாரிஸ் என்ற ஒலி ஒற்றுமையும் வழிவழி நம்பிக்கையும்தான் இங்கே ஆதாரம்.

இதுபோக, இஸ்தான்புல் மலை ஒன்றிலும் அவர் பெயரில் சுமார் 17 மீட்டர் நீளக் கல்லறை உண்டு!

இது வெறும் வரலாற்று விவாதம் இல்லை. கிஃப்ல் ஹாரிஸுக்கு யூத பக்தர்கள் இஸ்ரேல் ராணுவப் பாதுகாப்புடன் இரவில் வருகிறார்கள். அந்த இரவுகளில் ஊர் மக்கள் வீட்டுக்குள் முடங்குகிறார்கள். கல்லறை யாருடையது என்பது உறுதியாகவில்லை. அதற்கான விலையை மட்டும் அந்த ஊர் இப்போதே கொடுக்கிறது.